கடாரத்துப் போரை மேசையில் ஆட இலவச விதிகள் போதுமா?

ஜெராய் நிழல்:

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங்கில் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை மாலை ஒன்பது பிள்ளைகள் கூடுகிறார்கள். ஆறாம் ஆண்டிலிருந்து மூன்றாம் படிவம் வரை படிப்பவர்கள். பொம்மை வீரர்களை மேசையில் நிறுத்தி, அளவு நாடாவால் தூரம் அளந்து, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டுதான். கையில் இருப்பது 1/72 அளவில் இரண்டு பெட்டி பிளாஸ்டிக் வீரர்கள், அட்டையில் ஒட்டி வெட்டிய காகித வீரர்கள், யானைக்குப் பதிலாகப் படம் ஒட்டிய சோடா மூடிகள். மாதம் 60 வெள்ளி சேரும். அதில் பாதி பிள்ளைகள் பசியாறவே போய்விடும்.

பாதிப் பேருக்கு 1025-இல் இராஜேந்திர சோழன் கடாரத்தின் மேல், அதாவது இன்றைய கெடாவின் மேல், அனுப்பிய படையெடுப்பை ஆட வேண்டும். மண்டபத்து வாசலில் நின்றால் ஜெராய் மலை தெரிகிறது, மலை அடிவாரத்தில் மெர்போக்கில், பழைய கடாரத்தின் இடிபாடுகள் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு. இதை விட்டுவிட்டு ஐரோப்பியப் போரை ஏன் ஆட வேண்டும் என்று கேட்கிறார்கள். மீதிப் பேருக்குப் பூதமும் பறக்கும் நாகமும் வேண்டும்.

மூன்று வாரம் தேடினேன். மாய உலகப் போருக்கு ‘ஒன் பேஜ் ரூல்ஸ்’ வெளியிடும் ‘ஏஜ் ஆஃப் ஃபேண்டசி’ இருக்கிறது. அடிப்படை விதிகள் இலவச பிடிஎஃப், எந்த நிறுவனத்துப் பொம்மையையும் வைத்து ஆடலாம். பத்துப் பன்னிரண்டு பொம்மை மட்டும் இருப்பவர்களுக்குச் சின்னச் சண்டைக்கான வடிவமும் உண்டு. எதிர்கால உலகப் போரை ஆடும் ‘வார்ஹேமர் 40,000’ பத்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளும் 2023-இல் இலவசமாக வந்தன. சரித்திரப் பக்கம் ஹெச்.ஜி. வெல்ஸ் 1913-இல் எழுதிய ‘லிட்டில் வார்ஸ்’, பழைய புத்தகங்களை இலவசமாகத் தரும் குட்டன்பர்க் தளத்தில் கிடைக்கிறது.

என் கருத்து இதுதான்: நமக்கு இலவச விதிகளே போதும். விதிப் புத்தகத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம், அந்தக் காசில் பிள்ளைகளுக்குப் பெயிண்ட் வாங்கலாம். மறுப்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

பழைய கிராணி:

நான் மறுக்கிறேன் தம்பி. முப்பது வருடம் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதியவன். மலிவாக வாங்கிய சாமானுக்கு எத்தனை முறை செலவழிக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

‘டி பெல்லிஸ் ஆன்டிகிட்டாட்டிஸ்’, சுருக்கமாக டிபிஏ, பழங்காலப் போர்களை ஆடும் விதி, 1990-இல் வந்தது. காசு கொடுத்து வாங்க வேண்டிய புத்தகம். ஒரு படைக்குப் பன்னிரண்டே பிரிவுகள். 15 மில்லிமீட்டர் வீரர்கள் என்றால் ஒரு பிரிவின் முகப்பு 40 மில்லிமீட்டர், இரண்டடிச் சதுரப் பலகையில் ஆட்டம் முடிந்துவிடும். ஒவ்வொரு முறையும் தளபதி ஒரு பகடை உருட்டுவார். எத்தனை விழுகிறதோ அத்தனை நகர்வுதான். ஒன்று விழுந்தால் ஒரே நகர்வு, மீதிப் படை உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். போர்க்களத்தில் கட்டளை போய்ச் சேராத அவதியை ஒரே பகடையில் காட்டிவிடுகிறார்கள்.

அதில் யானை இருக்கிறது. அதை எதிர்த்து நிற்பது வாள் வீரனுக்குக் கஷ்டம். ஆனால் ஈட்டி எறிந்துவிட்டு ஓடும் இலகு காலாளிடம் சண்டையில் தோற்றால் யானை அங்கேயே சாகும். இந்த ஒரு வரியை யாரோ பல வருடம் ஆடிப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். இப்படி உழைத்துத் திருத்திய விதி இலவசத்தில் எத்தனை இருக்கிறது? அதிலும் இலவசமாகக் கொடுப்பதில் பாதி தூண்டில் புழு. அடிப்படை விதி சும்மா வரும், உங்கள் படைக்குரிய புத்தகத்துக்குப் பிறகு விலை கேட்பார்கள்.

ஒன்பது பேர் சேர்ந்து ஒரே ஒரு புத்தகம் வாங்குங்கள். அதையே ஒரு வருடம் ஆடுங்கள்.

செம்பனை வீரன்:

எதற்கு இந்த வாதம்? ஸ்கேன் செய்த டிபிஏ எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கிடக்கிறது, இன்னும் பத்துப் புத்தகமும் கிடக்கிறது. அண்ணே, நம்பர் கொடுங்கள், இன்று இரவே அனுப்புகிறேன். பீடோங்கில் யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

ஜெராய் நிழல்:

வேண்டாம் தம்பி. யாரும் கேட்க மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் போன மாதம் ஒரு பையன் வேறொருவனின் காகித வீரர்களைச் சொல்லாமல் எடுத்துப் போனான், நான் மண்டபத்தில் எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தேன். அதே மேசையில் திருட்டுப் புத்தகத்தை விரித்து வைக்க எனக்கு மனம் வராது.

மெர்போக் மலர்:

இலவசம் என்று எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்கிறீர்கள், அதற்குள் மூன்று பொருள் இருக்கிறது. காசில்லாமல் படிக்கலாம் என்பது ஒன்று. நகல் எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்பது இன்னொன்று. மாற்றி எழுதலாம், மொழிபெயர்க்கலாம் என்பது மூன்றாவது. அண்ணன் காட்டிய நவீன விதிகள் படிக்கவும் ஆடவும் இலவசம். அவற்றைத் தமிழில் பெயர்த்துப் போட்டோஸ்டேட் எடுத்து வேறு தோட்டங்களுக்கும் கொடுக்க வேண்டுமென்றால் உரியவரிடம் அனுமதி கேட்க வேண்டும். மொழிபெயர்ப்பும் ஆசிரியரின் உரிமையில் சேர்ந்ததுதான்.

நமக்கு முக்கியம் இந்த மூன்றாவது இலவசம்தான் என்று நினைக்கிறேன். ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு இருபது பக்க ஆங்கிலத்தைக் கொடுத்தால், படிக்கத் தெரிந்த ஒருவன் சொல்வதே சட்டமாகிவிடும். மற்றவர்கள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். என் தங்கை மகன் அப்படித்தான் இரண்டு வாரம் உட்கார்ந்திருந்துவிட்டு வருவதை நிறுத்தினான்.

வெல்ஸ் 1946-இல் இறந்தார். நம் நாட்டில் ஆசிரியர் மறைந்து 50 ஆண்டு வரைதான் பதிப்புரிமை. ஆகவே ‘லிட்டில் வார்ஸ்’ எல்லாப் பொருளிலும் இலவசம். தமிழாக்கலாம், வெட்டலாம், ஒட்டலாம். மாய உலகத்துக்கும் ஒன்று இருக்கிறது. ஆளுக்கொரு பாத்திரமாகி ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை ஆவணம் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், அதிலுள்ள விலங்குகளையும் மந்திரங்களையும் தமிழில் கொண்டுவரலாம். அந்த விளையாட்டே பொம்மைப் போரிலிருந்து வந்ததுதான். 1971-இல் வெளியான ‘செயின்மெயில்’ இடைக்காலப் போருக்கான விதி, அதன் பின்பகுதியில் மந்திரவாதியையும் டிராகனையும் சேர்த்தார்கள். மூன்று வருடத்தில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பிறந்தது. சரித்திரம் வேண்டும், மாயம் வேண்டும் என்று பிள்ளைகள் அடித்துக்கொள்ளத் தேவையே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதிப்புரிமை சொற்களுக்குத்தான், ஆடும் முறைக்கு இல்லை. 1987-ஆம் ஆண்டு நம் பதிப்புரிமைச் சட்டம் எண்ணத்தையும் செய்முறையையும் பாதுகாப்புக்கு வெளியே வைக்கிறது. ‘பகடையில் நான்கோ அதற்கு மேலோ விழுந்தால் அடி’ என்பது யாருடைய சொத்தும் அல்ல. படித்துப் புரிந்துகொண்டு, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நம் சொல்லில் நாமே எழுதலாம். நான் அதைத்தான் செய்யச் சொல்வேன்.

பழைய கிராணி:

மலர், சட்டம் நீ சொல்வதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எழுதுவது அவ்வளவு லேசு இல்லையம்மா. போன வருடம் எங்கள் குழுவில் ஒருவர் சொந்தமாக விதி எழுதிக் கொண்டுவந்தார். நல்ல விதிதான். மூன்றாவது ஆட்டத்தில் தோற்ற பிரிவு பின்வாங்க வேண்டியிருந்தது. பின்னால் சொந்தப் படையே நிற்கிறது. என்ன செய்வது? எழுதவில்லை. அரை மணி நேரம் சத்தம், இரண்டு பேர் எழுந்து போனார்கள். அடுத்த வாரம் காட்டுக்குள் நிற்கும் வில்லாளி எவ்வளவு தூரம் பார்க்கலாம் என்பதற்கு மறுபடி சண்டை. விலை கொடுத்து வாங்கும் விதியில் இந்த ஓட்டைகளை யாரோ முன்பே விழுந்து பார்த்து அடைத்திருப்பார்கள். நாம் காசு கொடுப்பது அதற்குத்தான், காகிதத்துக்கு இல்லை.

வெல்ஸின் விதியையும் ஆடியிருக்கிறேன். காலாள் ஒரு அடி நகரும், குதிரை இரண்டு அடி. பொம்மைப் பீரங்கியில் மரக்குச்சி வைத்து உண்மையாகவே சுட வேண்டும், விழுந்த வீரன் செத்தான். பீரங்கிக்கு ஆறு அங்குலத்துக்குள் நான்கு ஆட்கள் இல்லையென்றால் சுட முடியாது. பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள். ஆனால் சோழர் கையில் பீரங்கி ஏது? கடாரத்துக்கு அதை எப்படி மாற்றுவாய்?

செம்பனை வீரன்:

சரி, ஸ்கேன் விஷயத்தை விடுகிறேன். அண்ணன் சொன்னது உறைத்தது. ஆனால் ஐயா, வாங்குங்கள் என்று சொல்வது உங்களுக்குச் சுலபம். வெளிநாட்டுப் புத்தகம், அதற்கு மேல் கப்பல் செலவு. எங்கள் வீட்டில் அம்மா செம்பனை உதிரிப் பழம் பொறுக்கிக் கொண்டுவரும் காசு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அந்தக் காசில் விதிப் புத்தகம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. திருடக் கூடாது என்றால், வாங்க முடியாதவனுக்கு என்ன வழி என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதனால்தான் நான் ‘ஏஜ் ஆஃப் ஃபேண்டசி’ பக்கம். ஒரு வீரனுக்கு இரண்டே எண்கள். ஒன்று திறமை, ஒன்று தற்காப்பு. அடிக்க ஒரு உருட்டு, தடுக்க ஒரு உருட்டு. நான் ஒரு பிரிவை நகர்த்தினால் அடுத்து நீங்கள் ஒரு பிரிவை நகர்த்துவீர்கள், யாரும் கொட்டாவி விட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். சோடா மூடியை வைத்து இது முனி, இது பூதம் என்றாலும் ஆட்டம் நடக்கும்.

பழைய கிராணி:

அம்மாவைப் பற்றிச் சொன்னாய், அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் வாங்கச் சொன்னது என் நிலைமையை வைத்துத்தான். அதை யோசித்திருக்க வேண்டும்.

ஜெராய் நிழல்:

இரண்டு சனிக்கிழமை ஆடிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதல் வாரம் ‘ஏஜ் ஆஃப் ஃபேண்டசி’ சின்னச் சண்டை. தம்பி சொன்னபடியே பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் சிறப்புத் திறன்களின் ஆங்கிலப் பெயர் வந்ததும் என்னிடமே ஓடி வந்தார்கள். ஒரு மணி நேரத்தில் முப்பது முறையாவது நான் மொழிபெயர்த்திருப்பேன். மலர் சொன்ன கஷ்டத்தை அன்றுதான் உணர்ந்தேன்.

இரண்டாம் வாரத்துக்குக் கடாரத்தை நானே இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதினேன். இராஜேந்திரனின் வெற்றிகளைப் பாடும் கல்வெட்டு வரிகளான மெய்க்கீர்த்தியிலிருந்து தொடங்கினேன். ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ என்கிறது, ஆகவே சோழப் படை மேசையின் ஓரத்தில் கப்பலிலிருந்து இறங்க வேண்டும், ஒரே நேரத்தில் எல்லோரும் இறங்க முடியாது. கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனை யானைகளோடு சேர்த்துப் பிடித்ததாகச் சொல்கிறது. ஆகவே யானை கடாரத்தின் பக்கம், அரசனை உயிரோடு பிடித்தால்தான் சோழருக்கு வெற்றி. நகர்வாசலில் இருந்த விச்சாதிரத் தோரணம் என்ற அலங்கார வளைவைக் கைப்பற்றியதையும் பாடுகிறது. தீப்பெட்டியில் ஒரு தோரணம் செய்து வைத்தோம், அதைப் பிடித்தாலும் புள்ளி உண்டு. எத்தனை வீரர் என்று கல்வெட்டு சொல்லவில்லை, அதனால் இரு பக்கமும் பன்னிரண்டு பிரிவு என்று வைத்தேன். அந்தப் பன்னிரண்டு ஐயா சொன்னதிலிருந்து எடுத்தது. மாறி மாறி நகர்த்துவது தம்பி சொன்னதிலிருந்து.

பீரங்கி இல்லாத இடத்தில் வெல்ஸின் கைகலப்பை மட்டும் எடுத்தேன். இரு பக்கமும் சமமாக இருந்தால் ஆளுக்கு ஆள் விழ வேண்டும். அது சரியாக வரவில்லை. கப்பலிலிருந்து இறங்கிய முதல் மூன்று பிரிவு கரையிலேயே அழிந்து, ஆட்டம் பாதியில் செத்துவிட்டது. ஐயா சொன்ன ஓட்டையும் வந்தது. தோற்ற யானை பின்னால் ஓடியது, பின்னால் கடாரத்து வில்லாளிகள். நான் எழுதவில்லை.

அப்போது முதலாம் படிவத்தில் படிக்கும் பிள்ளை ஒருத்தி, மூன்று மாதமாக வாய் திறக்காதவள், என் தாளை எடுத்துப் படித்தாள். “இதில் ஒன்றும் போடவில்லை சார். யானை மிதித்துக்கொண்டுதானே போகும்? பகடை போடலாம், மூன்றுக்குக் கீழே விழுந்தால் வில்லாளி போச்சு” என்றாள். எல்லோரும் சரி என்றார்கள். பேனா வாங்கித் தாளில் அவளே எழுதினாள். ஆங்கிலத் தாளாக இருந்திருந்தால் அவள் அதைக் கையிலேயே எடுத்திருக்க மாட்டாள்.

இலவசமே போதும் என்று தொடங்கினேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். காசில்லாமல் கிடைத்ததால் இந்த ஆட்டம் நடக்கவில்லை, பிள்ளைகள் திருத்தி எழுத முடிந்ததால் நடந்தது. அதற்காக ஐயா சொன்ன புத்தகம் வேண்டாம் என்றும் இல்லை. கைகலப்பை எப்படிச் சரிசெய்வது என்று எனக்குப் பிடிபடவில்லை, பழகிய கை தேவைப்படுகிறது.

மெர்போக் மலர்:

அந்த இரண்டு பக்கத்தை இங்கே போடுங்கள் அண்ணே. யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், மாற்றலாம் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் உங்கள் தாளும் படிக்க மட்டும்தான் இலவசம்.

பழைய கிராணி:

நான் இன்னும் மாறவில்லை தம்பி. சோதித்த விதி சோதித்த விதிதான். ஆனால் என்னிடம் டிபிஏ புத்தகம் ஒன்று சொந்தமாக இருக்கிறது. சனிக்கிழமை எடுத்துக்கொண்டு வருகிறேன், மேசையில் வைத்துப் படிக்கட்டும், இரண்டு ஆட்டம் அதில் ஆடட்டும். கைகலப்பில் இரு பக்கமும் பகடை உருட்டி, படையின் பலத்தைக் கூட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். எதிரியின் தொகையில் பாதியும் வராதவன்தான் அழிவான், மற்றபடி தோற்றவன் பின்வாங்குவான். கரையில் நின்றவர்கள் பிழைப்பார்கள். புத்தகத்தைப் பார்த்து எழுத வேண்டாம், ஆடிப் பழகியபின் உங்கள் சொல்லில் எழுதுங்கள்.

அந்த யானை விதியை மட்டும் யாரும் அழிக்காதீர்கள். அந்தப் பிள்ளையிடம் ஒன்று கேட்க வேண்டும்: யானை சொந்த அரசனையே மிதித்தால் வெற்றி யாருக்கு? ஐந்து மணிக்கு வந்துவிடுகிறேன்.

செம்பனை வீரன்:

நானும் வருகிறேன் ஐயா. கப்பலுக்குப் பாளை மட்டையில் மூன்று செய்து வைத்திருக்கிறேன், ஒன்றில் நான்கு பிரிவு நிற்கும்.