ஜார்ஜியா நாட்டுக்குப் போகிறவர்கள் ஒரு நாளையாவது காலியாக வையுங்கள்

ஏழு நாளில் பதினோரு இடம் என்று நீங்கள் போட்ட திட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். போன மே மாதம் நானும் அப்படித்தான் போனேன். ஒயினுக்குப் பேர்போன ககேத்தி பகுதியில் முதல் மத்தியானமே எல்லாம் கவிழ்ந்தது.

அங்கே தெலாவி நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து வீட்டில் தங்கல். காலை உணவு முடிந்ததும் கிளம்ப வேண்டும். வீட்டுக்காரர் "ஐந்து நிமிடம்" என்று சைகை காட்டிப் பின்கட்டுக்கு அழைத்துப்போனார். தரையில் வட்டமாக ஈரக் களிமண் பூச்சு. அதைச் சுரண்டி மூடியை நகர்த்தினார். உள்ளே கழுத்துவரை புதைத்த மண் தாழி. க்வெவ்ரி என்கிறார்கள். நீண்ட காம்பு மாட்டிய சுரைக்குடுக்கையால் மொண்டு ஊற்றினார். வெள்ளைத் திராட்சையைத் தோலோடும் விதையோடும் ஊறவிடுவதால் ஒயின் தேநீர் நிறத்தில் இருந்தது. யுனெஸ்கோ 2013இல் மரபுப் பட்டியலில் சேர்த்த முறை. அவருக்கோ அது அப்பா சொல்லிக்கொடுத்த வேலை.

ஐந்து நிமிடம் மாலை ஆறு மணி ஆனது. அக்கம்பக்கத்தார் வந்தார்கள், மேசை நிறைந்தது. தாகத்தில் நான் ஒரு வாய் குடிக்கப்போக, பக்கத்துப் பெரியவர் என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார். தமாதா, அதாவது விருந்தை நடத்துபவர், வாழ்த்துச் சொல்லாமல் யாரும் குடிப்பதில்லை. அமைதிக்கு, மறைந்தவர்களுக்கு, பிள்ளைகளுக்கு என்று ஒவ்வொன்றாக நீண்டது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் கணக்கு. அவர்களிடம் சொல்லிப் பார்க்கவில்லை.

* * *

என் மகள் தலைநகர் திபிலீசியில் மருத்துவம் படிக்கிறாள். நாங்கள் போனது ஜனவரியில். கஸ்பெகி என்ற மலையூருக்குப் போகும் வழியில் ஜ்வாரி கணவாய் பனியால் மூடப்பட்டு, கணவாய்க்கு முன்னால் உள்ள குதவுரியில் ஒரு நாள் முடங்கினோம். கஸ்பெகிக்கு மேலே மலையில் இருக்கும் கெர்கெட்டி தேவாலயத்தை இன்னும் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். குளிர்காலத்தில் போகிறவர்கள் மலைப் பயணத்துக்கு அடுத்த நாளே விமானம் ஏறும்படி டிக்கெட் எடுக்காதீர்கள்.

அன்று சாப்பிட்ட கடையில் ஹின்காலி என்ற இறைச்சிக் கொழுக்கட்டையை முள்கரண்டியால் குத்தினேன். உள்ளே இருந்த சாறு முழுவதும் தட்டில் ஓடிவிட்டது. கடைக்கார அம்மா ஓடிவந்து, மேலே முறுக்கிய மாவுக் குடுமியைப் பிடித்துக் கடித்து உறிஞ்சிக் காட்டினார். குடுமியைச் சாப்பிடக் கூடாதாம். என் கணவர் சைவம். அவருக்கு மண்சட்டியில் வந்த லோபியோ, நம் வீட்டு அவரைப் பருப்புக் குழம்புக்குத் தங்கை மாதிரி.

* * *

அந்தத் திட்டம் போட்டது நான்தான். பதினொன்றை ஐந்தாக்கிவிட்டேன். அக்டோபரில் திராட்சை அறுவடையும் கிடைக்குமாம். ஆனால் நான் மது தொடுவதில்லை. மேசையில் உட்கார்ந்தால் தவறாக எடுத்துக்கொள்வார்களா?

* * *

அந்த ககேத்தி விருந்தில் என் மனைவியும் மது தொடவில்லை. அவருக்குப் பச்சை நிறத்தில் டாராகன் என்ற மூலிகை போட்ட லெமனேட் வந்தது. ஒவ்வொரு வாழ்த்துக்கும் அதையே உயர்த்தி "கவுமர்ஜோஸ்" என்றார், யாரும் முகம் சுளிக்கவில்லை. பீரை மட்டும் உயர்த்திவிடாதீர்கள். பீரால் வாழ்த்துவது பகையாளிக்கு என்பது அங்கே பழைய வழக்கு.