'அயனித் துளை' வேண்டாம், 'புரோட்டான் மதகு' எனலாம்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

டர்பன் தமிழ் வகுப்புகளுக்காக உருவாகிவரும் குளிர்காலக் காய்ச்சல் கையேட்டில், இன்ஃபுளுவென்சா ஏ வைரஸின் எம்2 புரதத்தை 'அயனித் துளை' என்று குறிக்கலாம் என எழுதியிருந்தீர்கள். சொல் சுருக்கமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது புரதத்தின் செயலைத் தவறாகக் காட்டிவிடும் என்பதே என் கவலை.

துளை எப்போதும் திறந்திருக்கும், வருவதையெல்லாம் விடும். எம்2 அவ்வாறன்று. ஒவ்வொன்றும் 97 அமினோ அமிலங்கள் கொண்ட நான்கு இழைகள் வைரஸ் உறையில் கூடி நடுவே ஒரு வழியை அமைக்கின்றன. அவ்வழியில் 37ஆம் இடத்திலுள்ள ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம், வெளிப்புறத்தில் அமிலம் ஏறுவதை உணர்கிறது. அதன்பின்பே 41ஆம் இடத்தில் கதவாக நிற்கும் டிரிப்டோபன் என்னும் மற்றோர் அமினோ அமிலம் விலகுகிறது. அப்போதும் உள்ளே செல்பவை பெரும்பாலும் புரோட்டான்கள், அதாவது அமிலத்தன்மையைத் தரும் ஹைட்ரஜன் அயனிகள் மட்டுமே. 1992இல் பிண்டோ, ஹோல்சிங்கர், லாம்ப் ஆகியோர் தவளை முட்டையணுக்களில் இப்புரதத்தை உண்டாக்கி, அதன் அயனி ஓட்டத்தை அளந்து காட்டினர்.

மற்றொரு நண்பர் சொன்ன 'கால்வாய்' என்பதும் பொருந்தாது. உயிரணுக்களின் உறையிலுள்ள பொட்டாசிய அயனித் தடங்கள் நொடிக்கு லட்சக்கணக்கிலும் கோடிக்கணக்கிலும் அயனிகளை விடுகின்றன. எம்2 விடுவதோ நூற்றுக்கணக்கில், மிஞ்சினால் ஆயிரக்கணக்கில். ஏரிக்கரை மதகு வேண்டியபோது மட்டும் திறந்து அளவாக நீர் விடுவதுபோலவே இதுவும் செய்வதால் 'புரோட்டான் மதகு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். மதகை இங்குள்ள பிள்ளைகள் பார்த்ததில்லை என்பீர்கள். ஒரு படம் வரைந்தால் அக்குறை தீரும்.

இந்த மதகு வைரஸின் வாழ்வில் இருமுறை உதவுகிறது. உயிரணுவுக்குள் இழுக்கப்பட்ட வைரஸ் எண்டோசோம் என்னும் பையில் அடைபட்டிருக்கையில், மதகு திறந்து வைரஸின் உட்புறமும் அமிலமாகிறது. அதனால் உறையின் உட்புறம் அடுக்காக அமைந்த எம்1 புரதத்தின் பிடி தளர்ந்து, வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏ துண்டுகள் விடுபட்டு உட்கருவை அடைய முடிகிறது. பின்னர்ப் புதிய புரதங்கள் புரதங்களை உயிரணுவின் மேற்பரப்புக்கு அனுப்பும் கோல்கி உறுப்பின் வழியே வெளியேறும்போது, அங்குள்ள அமிலத்தை எம்2 வடித்துத் தணிக்கிறது. எச்5, எச்7 என்னும் பறவைக்காய்ச்சல் வகைகளின் கொடிய வடிவங்களில், வைரஸ் உயிரணுவில் ஒட்ட உதவும் ஹீமக்ளூட்டினின் புரதம் முன்கூட்டியே வெட்டப்பட்டுவிடுவதால், அமிலம் தணியாவிட்டால் அது காலத்துக்கு முன்பே உருமாறிப் பயனற்றுப்போகும். 2023இல் நம் தென்னாப்பிரிக்கக் கோழிப்பண்ணைகளைத் தாக்கி முட்டைத் தட்டுப்பாட்டை உண்டாக்கியதும் எச்7 வகையே என்பதால், இப்பகுதியைக் கையேட்டில் விரிவாக எழுத வேண்டும்.

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டும். புதிய வைரஸ் உயிரணுவிலிருந்து மொட்டாகப் பிரியும்போது அதன் கழுத்தை அறுத்துவிடுவதும் எம்2தான். ஆனால் அது புரதத்தின் வேறொரு பகுதியின் வேலை, அயனி ஓட்டத்துக்கு அதில் பங்கில்லை. எனவே 'மதகு' என்பது செயலின் பெயராகவும் 'எம்2 புரதம்' என்பது பொருளின் பெயராகவும் இருக்கட்டும்.

ஹெச்ஐவியின் விபியு, ஹெப்படைட்டிஸ் சி வைரஸின் பி7, கொரோனா வைரஸின் இ ஆகிய புரதங்களையும் உள்ளடக்கிய குடும்பம் முழுவதற்கும் 'மதகு' சேராது. அவை எல்லாம் இவ்வளவு கண்டிப்பாகத் தேர்ந்து விடுபவை அல்ல. அவற்றுக்கு 'வைரஸ் அயனித்தடப் புரதம்' என்ற பொதுப்பெயர் போதும்.

அமண்டடின் என்னும் பழைய காய்ச்சல் மருந்தை 'மதகடைப்பான்' எனலாம். எம்2இன் வழியில் புகுந்து அடைத்துக்கொள்வதே அதன் வேலை. ஆனால் அதை இன்றைய சிகிச்சையாக எழுதிவிட வேண்டாம். எம்2இன் 31ஆம் இடத்தில் செரின் என்னும் அமினோ அமிலம் அஸ்பரஜினாக மாறியதால் இப்போது மனிதரிடையே பரவும் ஏ வகை வைரஸ்களில் பெரும்பாலானவற்றை அது தடுப்பதில்லை. இன்ஃபுளுவென்சா பி வகையின் மதகை அது தொடக்கத்திலிருந்தே அடைத்ததில்லை.