மூன்றரை மாத பூர்புல் குட்டிக்கு என்ன சாப்பாடு, எந்த எலும்பு?

நெல்லை_டர்பன் கேட்டது:

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டின் பின்னாலுள்ள அவுட்பில்டிங்கில் வாடகைக்கு இருக்கிறேன். ஊர் திருநெல்வேலிப் பக்கம், இங்கே வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஆறு வாரத்துக்கு முன்னால் கூட வேலை பார்ப்பவர் ஒரு பூர்புல் (இந்த நாட்டுப் பெரிய காவல் நாய் இனம்) கலப்புக் குட்டியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு ஒரு கையில் தூக்கினேன், இன்றைக்கு இரண்டு கை போட்டாலும் இடுப்பு பிடிக்கிறது. வயது மூன்றரை மாதம், எடை 14 கிலோ, பெயர் மணி.

பிரச்சினை சாப்பாட்டில்தான். வீட்டுக்கார ஆன்ட்டி ரொம்ப நல்லவர், மணி மேல் உயிரையே வைத்திருக்கிறார். ஆனால் இது புரட்டாசி. இங்கிருக்கிற தமிழர்கள் புரட்டாசியை நம்ம ஊரைவிடக் கறாராகப் பிடிக்கிறார்கள், காம்பவுண்டுக்குள் கறி வாசமே வரக் கூடாது. அதனால் மணிக்கும் ஆன்ட்டி கையால் பருப்புச் சோறு, காலையில் பாலூற்றிய பாப் (மக்காச்சோள மாவுக் களி). நான் ஒரு மூட்டை பெல்லட் (உலர்ந்த நாய் உணவு) வாங்கி வைத்திருக்கிறேன் (இருந்ததில் மலிவானது, பெரிய நாய் படம் போட்டது). ஆன்ட்டி சாப்பாடு கிடைக்கிற வீட்டில் அதை அவன் ஏன் தொடப்போகிறான்?

புரட்டாசிக்கு முன்னால் மட்டன் கறி எலும்பு, ஞாயிற்றுக்கிழமை பிராய் (நெருப்பில் கறி சுடுவது) முடிந்தால் கோழி எலும்பு எல்லாம் போனது. நான் வேலைக்குப் போன நேரத்தில் நடப்பது, தடுக்க முடியவில்லை. இப்போது புரட்டாசி முடிந்ததும் மணிக்கு என்று எலும்பு எடுத்து வைக்கச் சொல்லி கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லிவிட்டாராம்.

எந்த எலும்பு கொடுக்கலாம், எது கூடாது? பருப்புச் சோறு ஒரு மாதம் போதுமா? இன்னொன்று, முன்னங்கால் இரண்டும் லேசாக வெளிப்பக்கம் திரும்பின மாதிரி தெரிகிறது. வேலையிடத்தில் ஒருத்தர் கால்சியம் மாத்திரை கொடு, கால் நேராகிவிடும் என்றார், நான்கு நாளாகக் கொடுக்கிறேன். துணி கிளிப், செருப்பு, சார்ஜர் ஒயர் ஒன்றும் மிச்சமில்லை, கண்டதையும் கடிக்கிறான்.

லெனேசியா_நர்ஸ் எழுதியது:

தம்பி, எலும்பு இருக்கட்டும், முதலில் அந்த மாத்திரையை இன்றைக்கே நிறுத்துங்கள். நான் ஜோபர்க்கில் (ஜோகன்னஸ்பர்க்) ஒரு வெட் (கால்நடை மருத்துவர்) கிளினிக்கில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன், கால்சியம் கொடுத்துக் காலைக் கெடுத்துக்கொண்டு வந்த பெரிய இனக் குட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வளர்ந்த நாயின் குடல் வேண்டிய அளவு கால்சியத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். குட்டிக்கு, ஏறக்குறைய ஆறு மாதம் வரை, அந்தக் கட்டுப்பாடு சரியாக வந்திருக்காது. கொடுத்ததில் பெரும்பகுதி உள்ளே போய்விடும். அது கூடிப்போனால் வளர்கிற இடத்திலுள்ள குருத்தெலும்பு முறையாக எலும்பாக மாறாது, மூட்டு கெடும், கால் வளையும். நீங்கள் எதைத் தடுக்க மாத்திரை கொடுக்கிறீர்களோ அதையே அது கொண்டுவரும்.

அதற்காகக் குறைந்தால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். பருப்பு, சோறு, பாப் மூன்றிலும் பாஸ்பரஸ்தான் அதிகம், கால்சியம் கொஞ்சம். எலும்பில்லாத வெறும் கறியும் அப்படித்தான். அதை மட்டுமே வாரக்கணக்கில் தின்றால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவும், கட்டிலிலிருந்து குதித்தால்கூட கால் முறியும். பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் 1.2 முதல் 1.4 பங்கு வரை இருக்க வேண்டும், வீட்டுச் சமையலில் கண்ணளவில் அதைப் பிடிக்க முடியாது. அதனால்தான் "பெரிய இனக் குட்டிகளுக்கு" என்று போட்ட பெல்லட்டை வாங்கச் சொல்கிறோம். அதில் கால்சியம் உலர்நிலைக் கணக்கில் (ஈரத்தைக் கழித்துப் பார்த்தால்) 1.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்களிடம் இருப்பது பெரிய நாய் படம் போட்டது என்கிறீர்கள், அது வளர்ந்த நாய்க்கானதாக இருக்கும், மூட்டையைத் திருப்பிப் பாருங்கள். இந்த நாட்டில் விற்கிற நாய் உணவு 1947ஆம் வருஷத்து 36ஆம் எண் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும், மூட்டையில் வி என்ற எழுத்தோடு ஒரு பதிவு எண் இருக்கும். மூட்டையைப் பிரித்து கிலோ கணக்கில் அள்ளிப் போடும் கடையில் வாங்காதீர்கள், எந்த மூட்டை, எப்போது பிரித்தது என்று யாருக்கும் தெரியாது.

இந்த வயதில் ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஆறு மாதத்துக்கு அப்புறம் இரண்டு வேளை. பழைய சாப்பாட்டோடு கலந்து ஏழு முதல் பத்து நாளில் மெதுவாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் வயிற்றுப்போக்குதான். குட்டி கொழுகொழுவென்று இருந்தால் ஆன்ட்டிக்குச் சந்தோஷமாக இருக்கும், மூட்டுக்கு இருக்காது. விலாவைத் தடவினால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். அந்த முன்னங்கால்களை ஒரு தடவை வெட்டிடம் காட்டிவிடுங்கள், அதை போட்டோவில் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

இப்போது எலும்பு. வெந்தது எதுவும் வேண்டாம். குழம்பில் வெந்தாலும், பிராயில் சுட்டாலும், கடையில் புகைபோட்டு பிளாஸ்டிக்கில் சுற்றித் தொங்கவிட்டிருக்கிற நெருப்புக்கோழி எலும்பானாலும் என் கணக்கில் எல்லாம் ஒன்றுதான். எலும்புக்கு இழுப்புக் கொடுக்கிற கொலாஜன் சூட்டில் போய்விடும், பிறகு கடித்தால் ஊசி ஊசியாகச் சிதறும். பச்சை எலும்பு வளைந்து கொடுக்கும்.

அதற்காகப் பச்சை எலும்பெல்லாம் நல்லது என்றில்லை. மாட்டு நல்லியைத்தான் எல்லோரும் ஆசையாகக் கொடுப்பார்கள். அது மாட்டின் எடையைத் தாங்கிய எலும்பு, பல்லைவிடக் கெட்டி, மேல்தாடைப் பெரிய கடைவாய்ப்பல்லைப் பட்டையாக உடைத்துவிடும். நகத்தால் அழுத்தினால் கொஞ்சம்கூடப் பதியாத பொருள் பல்லுக்கு ஆகாது. நல்லியை வளையம் வளையமாக அறுத்துக் கொடுப்பார்களே, அது கீழ்த்தாடையில் வளையல் மாதிரி மாட்டிக்கொள்ளும், மயக்க மருந்து கொடுத்து ரம்பத்தால் அறுத்து எடுக்க வேண்டி வரும். கோழிக் கழுத்தை 14 கிலோ குட்டி கடிக்காது, அப்படியே விழுங்கும்.

என்னைக் கேட்டால் நிரந்தரப் பல் முழுவதும் வரும் வரை, அதாவது ஏழு மாதம் வரை, எலும்பே வேண்டாம். கிளினிக்கில் எல்லோரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கறியோடு கூடிய மாட்டு நெஞ்செலும்பு, வாய்க்குள் முழுதாகப் போகாத பெரிய துண்டாக, பச்சையாக, வாரத்துக்கு ஒரு தடவை பத்து பதினைந்து நிமிஷம், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். பிடுங்காதீர்கள், வேறு ஏதாவது நல்லதைக் காட்டி மாற்றி வாங்குங்கள். பூர்புல் வளர்ந்தால் 60 கிலோ வரும், சாப்பாட்டுக்கு உறுமுகிற பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திவிடக் கூடாது. பச்சைக் கறியில் சால்மொனெல்லா இருக்கும், ஃப்ரீசரில் வைத்தால் அது சாகாது, கையையும் தரையையும் கழுவுங்கள். ஆட்டுக் குடலும் தலையும் பச்சையாகப் போடவே கூடாது, நாடாப்புழு வரும்.

கடிப்பதற்குக் காரணம் பல். குட்டிக்குப் பால் பல் 28, இப்போதுதான் விழ ஆரம்பித்திருக்கும், அந்த இடத்தில் 42 வர வேண்டும், ஈறு அரிக்கத்தான் செய்யும். ஈரத் துண்டை முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள். ரப்பர் பொம்மைக்குள் ஊறின பெல்லட்டை அடைத்து உறையவைத்தால் அரை மணி நேரம் சத்தமே இருக்காது. வேர்க்கடலை வெண்ணெய் தடவுவதானால் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இல்லாததா என்று பாருங்கள், அது நாய்க்கு விஷம்.

மாரிட்ஸ்பர்க்_மாமா எழுதியது:

இவ்வளவு கணக்கா? எங்கள் வீட்டில் 1970களில் நான்கு நாய். ஆயா வைத்த கறியில் மிஞ்சிய எலும்பும் மீலி (மக்காச்சோளம்) மாவுக் கஞ்சியும்தான் அதுகளுக்கு. சதவீதமும் கிடையாது, வெட்டும் கிடையாது, காவல் மட்டும் பலமாக இருந்தது. அதில் ஒன்றுதான் வயிறு உப்பி இரண்டு நாள் முக்கி முக்கிச் செத்தது, பக்கத்து வீட்டுக்காரன் விஷம் வைத்துவிட்டான் என்று அப்பா வருஷக்கணக்கில் அவனோடு பேசவில்லை.

தம்பிக்குச் செலவில்லாத வழி ஒன்று சொல்கிறேன். வாக்கி டாக்கி வாங்கு, அதுதான் கோழித் தலையும் காலும், மலிவு. உப்பு, மசாலா எதுவும் போடாமல் காலை மட்டும் கரையக் கரைய வேகவை, ஆறினதும் எலும்பை ஒன்று விடாமல் பொறுக்கி எறிந்துவிட்டு, அந்தப் பசையை இரண்டு கரண்டி பெல்லட் மேல் ஊற்று. உன் ஆன்ட்டியின் பருப்புச் சோற்றை அவன் திரும்பிப் பார்க்கிறானா என்று அப்புறம் சொல்.

லெனேசியா_நர்ஸ் எழுதியது:

மாமா, வயிறு உப்பிச் செத்த அந்த நாய்க்கு விஷம் வைத்திருக்க மாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முக்குவது, வாந்தி, சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாகப் போவது எல்லாம் எலும்பு அடைத்ததற்கு அடையாளம். பாவம் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்.

கோழிக்கால் யோசனை நல்லது, எலும்பு எடுப்பதில் மட்டும் சோம்பல் கூடாது. இரண்டு கரண்டிக்கு மேல் வேண்டாம், பெல்லட் தவிர்த்த மற்றதெல்லாம் சேர்ந்து ஒரு நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்குள் நிற்கட்டும்.

சாட்ஸ்வொர்த்_டீச்சர் எழுதியது:

நான் உங்கள் பக்கத்து யூனிட்தான் போலிருக்கிறது. எலும்பைப் பற்றி இத்தனை பேசினீர்கள், அது கிடந்த குழம்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்கள் குட்டி ஒரு காவடித் திருவிழாவுக்கு அடுத்த வாரம் சுருண்டு படுத்துக்கொண்டது, ஈறெல்லாம் வெளுத்து, மூத்திரம் டீத்தண்ணி நிறத்தில். டர்பனில் ஈறு வெளுத்தால் எல்லோரும் உண்ணியால் வருகிற பிலியரி என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்து ஓடினேன். ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் கிருமி இல்லை. வெட் கேட்டார், வெங்காயம் ஏதாவது தின்றதா என்று. விரதம் முடித்த அன்று பெரிய சட்டியில் மட்டன் வைத்தோம், ஐந்து கிலோ வெங்காயம். அடியில் மிஞ்சிய கிரேவியைச் சோற்றில் பிசைந்து மூன்று நாள் வைத்தது நான்தான். வெங்காயம், பூண்டு இரண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், வெந்தாலும் அந்தக் குணம் போகாது, அதுவும் தின்ற அன்றே தெரியாது, சில நாள் கழித்துத்தான் தெரியும். பிழைத்துக்கொண்டது, ஆனால் வெட் பில்லைக் கண்டு என் வீட்டுக்காரர் வெளுத்துப்போனார்.

புரட்டாசி விஷயத்தில் ஆன்ட்டியோடு சண்டை வேண்டாம். எங்கள் வீட்டில் நாய்ச் சாப்பாடு அந்த மாதம் முழுக்க கராஜில் இருக்கும், அதற்கென்று தனித் தட்டு, தனிக் கரண்டி, சமையலறைக்குள் வராது. அம்மா இதற்குச் சம்மதித்துவிட்டார், விரதம் எனக்கு, நாய்க்கு இல்லை என்றார். அப்புறம் மீலி தின்றுவிட்டுக் கட்டையை முற்றத்தில் போடுகிற பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள், இங்கே குட்டிகளின் குடலை அடைப்பதில் எலும்புக்குச் சளைத்ததல்ல அது. மாங்கொட்டையும் அப்படியே, டிசம்பரில் ஜாக்கிரதை. மக்கடேமியா கொட்டையும் திராட்சையும் நாய்க்கு விஷம், அதற்கு எட்டாமல் வையுங்கள்.

நெல்லை_டர்பன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மாத்திரையை அன்றைக்கே நிறுத்திவிட்டேன். என் மூட்டை வளர்ந்த நாய்க்கானதுதான், வி எண் இருக்கிறது, ஆனால் குட்டிக்கு ஆகாது. வேலையிடத்தில் நாய் வளர்க்கிற ஒருவருக்குக் கொடுத்துவிட்டுப் புதிதாக வாங்கினேன், விலையைப் பற்றிப் பேசவேண்டாம். சனிக்கிழமை வெட்டிடம் போனேன், கால் இப்போதைக்குப் பயப்படுகிற மாதிரி இல்லையாம், வழுக்குகிற டைல்ஸ் தரையில் ஓடவிடாதே, ஒரு மாதம் கழித்துக் கொண்டுவா என்றார்.

ஆன்ட்டியிடம் டீச்சர் சொன்ன வெங்காயக் கதையை அப்படியே சொன்னேன், கால்சியம் சதவீதமெல்லாம் பேசவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். தட்டை கராஜில் வைத்துக்கொள் என்றார். அப்போ கறிக்கடையில் சொல்லிவைத்த எலும்பு என்று இழுத்தேன். "அது வரட்டும், விரதம் முடிஞ்சதும் உனக்குச் சூப் வச்சுத் தரேன், நாயைவிட நீதான் எலும்பா இருக்கே" என்றார்.

மாமா, வாக்கி டாக்கியில் தலையை என்ன செய்வது?