"இனி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொன்ன பிறகு: கடைசிக் கட்டப் புற்றுநோயில் அம்மா அப்பாவைப் பார்த்துக்கொண்டவர்களின் அனுபவங்கள்

வைகைக்கரை:

அம்மாவுக்கு வாய்ப் புற்று. இடது கன்னம். ஆபரேஷன், கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்து, மறுபடி வந்து, இனி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை நடந்ததை இங்கே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கன்னம் வெளிப்பக்கமாக உடைந்து புண்ணாகிவிட்டது. அந்த வாடை ஊதுபத்திக்கும் சாம்பிராணிக்கும் டெட்டாலுக்கும் அடங்காது. ஊரிலிருந்து சித்தி வந்தார். அம்மாவும் அவரும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அறைக்குள் ஒரு அடி வைத்தார், முந்தானை தானாக மூக்குக்குப் போனது. அம்மா அதைப் பார்த்துவிட்டாள். அழவில்லை. பேச முடியாது என்பதால் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாள், கதவைச் சாத்து என்று. அதற்கப்புறம் யார் வந்தாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

கடைசிக் கட்ட நோயாளிகளை வைத்துப் பார்க்கும் ஹாஸ்பிஸில் சேர்த்த அன்று சிஸ்டர் செய்தது இவ்வளவுதான். உப்புத் தண்ணீரால் புண்ணைக் கழுவினார். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண் மேல் தூவினார். துணி வைத்துக் கட்டினார். சீதபேதிக்கு நாம் மெடிக்கலில் வாங்குகிற அதே மாத்திரை, விலை சில ரூபாய். தினமும் இப்படிச் செய்ததில் நாலைந்து நாளில் வாடை பெரும்பாலும் அடங்கிவிட்டது. சித்தியை மறுபடி வரச் சொன்னேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டார்.

எனக்கு ஆறாதது இதுதான். மாதக்கணக்கில் பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். எத்தனை டாக்டர்கள் அந்தப் புண்ணைப் பார்த்தார்கள்! ஒருவர்கூட இந்த மாத்திரையைச் சொல்லவில்லை. அம்மா கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த நாட்களுக்கு யார் பதில் சொல்வது?

சிறுவாணி:

வைகைக்கரை, எங்களுக்கும் இதே கதைதான், கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் விஷயத்தில். அப்பாவுக்குப் புராஸ்டேட்டில் ஆரம்பித்து முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. ராத்திரி வலி வந்தால் பேரப்பிள்ளைகள் முழித்துவிடக் கூடாது என்று துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொள்வார். காலையில் துவைக்க எடுத்தால் துண்டில் பல் தடம் இருக்கும்.

எங்கள் ஊரில் எந்த மெடிக்கலிலும் மார்ஃபின் இல்லை. கேட்டாலே ஏற இறங்கப் பார்ப்பார்கள். 1985-ல் போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு, கெடுபிடிக்குப் பயந்து கடைகளும் ஆஸ்பத்திரிகளும் அதை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. 2014-ல் சட்டத்தைத் திருத்தி நடைமுறையை எளிதாக்கினார்கள். ஆனாலும் எந்த ஆஸ்பத்திரியில் மார்ஃபின் இருக்கிறது என்று நோயாளி வீட்டுக்கு யார் வந்து சொல்கிறார்கள்? நாங்கள் விசாரித்து விசாரித்து, பேலியேட்டிவ் பிரிவு, அதாவது வலியையும் வேதனையையும் தணிக்கும் ஆதரவு சிகிச்சைப் பிரிவு உள்ள ஓர் இடத்தைக் கண்டுபிடித்துத்தான் வாங்கினோம்.

மாத்திரை ஆரம்பித்த மறுநாள் பெரியப்பா வந்து சத்தம் போட்டார். "மயக்க மருந்தைக் குடுத்தே ஆளை முடிச்சுடலாம்னு பாக்கறீங்களா?" நான் வாய் திறக்கும் முன்பே கட்டிலிலிருந்து அப்பா சொன்னார்: "நேத்து ராத்திரி தூங்குனனுங்ணா." பெரியப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் மார்ஃபின் கொடுக்கப் போகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண மார்ஃபின் மாத்திரை 4 மணி நேரத்துக்கு ஒரு முறை. வலி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். நடுராத்திரி எழுப்ப வேண்டாம் என்பதற்காகப் படுக்கும்போது இரண்டு மடங்காகக் கொடுக்கச் சொல்வதுண்டு, அதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். மலச்சிக்கல் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும். அதனால் மலமிளக்கியை முதல் நாளே சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். அப்பாவுக்கு மூன்று நாள் மலம் போகாமல் இருந்தது, கட்டிக்குச் சமமான வேதனை. முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கும், பெரும்பாலும் அதுவாகவே குறையும். அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார்களே என்று பயப்பட வேண்டாம், வலிக்குத் தகுந்த அளவுதான் சரியான அளவு. திடீரென்று மட்டும் நிறுத்தாதீர்கள். குளிப்பாட்டும் முன்னால், கட்டு மாற்றும் முன்னால் கொடுக்கக் கூடுதல் மாத்திரை எழுதித் தருவார்களா என்று கேளுங்கள். மாத்திரையைப் பூட்டி வையுங்கள், எந்த நேரத்தில் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மிச்சம் இருப்பதை ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பாலாறு:

மருந்து எல்லாம் சரி. உங்களில் எத்தனை பேர் நோயாளியிடம் உண்மையைச் சொன்னீர்கள்? அதைப் பற்றி யாரும் பேசவில்லையே.

அப்பாவுக்கு வயிற்றில். வீட்டில் எல்லோரும் கூடி "அல்சர்" என்று முடிவு செய்தோம். ரிப்போர்ட்டை ஒளித்து வைப்போம், டாக்டரைத் தனியாகப் பார்த்துக் கண்ணைக் காட்டுவோம். பேலியேட்டிவ் டாக்டர் மட்டும் எங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அப்பாவிடம் பேசினார். நான் வெந்நீர் பிளாஸ்க்கோடு கதவோரம் நின்றேன். "உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று கேட்டார். அப்பா சொன்னார், "எனக்குத் தெரியும் சார். பையன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டான்."

அன்று ராத்திரி அப்பாவும் நானும் பேசினோம். சொசைட்டிக் கடன் எவ்வளவு பாக்கி, பத்திரம் யாரிடம் இருக்கிறது, தங்கச்சிக்குச் செய்ய வேண்டியது என்ன, எல்லாம் சொன்னார். கடைசியில், "நான் போனப்புறம் உங்க அம்மா பொட்டை அழிக்க, வளையலை உடைக்கன்னு யாரும் வந்தா விடாதே" என்றார். நான் விடவில்லை. அத்தைகள் வாசலில் நின்று கத்தினார்கள். "இது அப்பா சொன்னது" என்று அவர்களிடம் என்னால் சொல்ல முடிந்தது. அல்சர் நாடகம் தொடர்ந்திருந்தால் அப்பா அதைச் சொல்லாமலே போயிருப்பார். மறைப்பது அன்பு என்று யாரும் என்னிடம் வாதாட வராதீர்கள்.

தாமிரபரணி:

பாலாறு, வாதாடத்தான் வருகிறேன். உங்கள் அப்பாவுக்குச் சரியாக இருந்தது எல்லோருக்கும் சரியாக இருக்காது. எங்கள் அம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள், "என்கிட்ட எந்தச் சீட்டையும் காட்டாதீங்க, இசக்கியம்மா பார்த்துக்குவா." டாக்டர் இரண்டு முறை மெதுவாகக் கேட்டுப் பார்த்தார், அவள் பேச்சை மாற்றினாள், அவர் விட்டுவிட்டார். தெரிந்துகொள்ள எப்படி உரிமை உண்டோ அப்படியே வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு.

எங்கள் வீட்டுச் சண்டை சாப்பாட்டில் வந்தது. அம்மா கடைசி வாரத்தில் வாயைத் திறக்கவே இல்லை. அத்தை ஒரு டம்ளர் கஞ்சியும் ஸ்பூனும் எடுத்துக்கொண்டு வந்து, தாடையைப் பிடித்து அழுத்தி ஊட்டினார். புரையேறி அம்மாவின் முகம் கருத்துவிட்டது. நான் ஸ்பூனைப் பிடுங்கினேன். "பெத்தவளைப் பட்டினி போட்டுக் கொல்லுதியே, ஒரு ட்ரிப்ஸாவது போடக் கூடாதா" என்று தெருவே கேட்கக் கத்தினார்.

வீட்டுக்கு வந்துபோன சிஸ்டர் அத்தையைத் தனியாக உட்கார வைத்து விளக்கினார். அந்தக் கட்டத்தில் உடம்பே சாப்பாட்டை நிறுத்திக்கொள்கிறது, பசி இருக்காது. ட்ரிப்ஸ் ஏற்றினால் அந்த நீரை உடம்பால் கையாள முடியாது. கை கால் வீங்கும், நெஞ்சில் சளி கட்டும், மூச்சுதான் கஷ்டமாகும். தாகம் மாதிரித் தெரிவது பெரும்பாலும் வாய் காய்ந்துபோவதால் வருவது. அப்புறம் அவர் ஒரு காரியம் செய்தார், அதற்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். பஞ்சையும் இளநீரையும் அத்தை கையில் கொடுத்து, "உதட்டையும் நாக்கையும் நனைக்கிற வேலை இனி உங்களோடது" என்றார். அத்தை அந்த வேலையைக் கடைசி வரை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

பாலாறு:

வேண்டாம் என்று அம்மாவே சொன்னால் அது வேறு. நான் சொல்வது, அவர்களிடம் கேட்காமலே பிள்ளைகள் முடிவெடுப்பதை. அதில் நான் ஒரு அடிகூடப் பின்வாங்க மாட்டேன்.

வாளையாறு:

நான் பாலக்காட்டு எல்லையில் இருக்கிறேன். உங்கள் எல்லோரையும் படிக்கும்போது ஒன்று தோன்றுகிறது. எங்கள் அம்மாவுக்கு இந்த அலைச்சல் கிடையாது. அந்தப் பக்கம் கேரளத்தில் பேலியேட்டிவ் சேவை 1993-ல் கோழிக்கோட்டில் ஆரம்பித்தது, இன்று ஊருக்கு ஊர் பரவியிருக்கிறது. 2008-லேயே அந்த மாநில அரசு இதற்கென்று தனிக் கொள்கை போட்டுவிட்டது. ஜீப்பில் நர்ஸ் வருவார், கூடவே பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் தன்னார்வலராக வருவார். அம்மாவுக்குப் பிடித்துப்போனது அந்தத் தன்னார்வலரைத்தான். ரேஷன் கடையில் வேலை பார்த்தவர். வந்தால் நோயைப் பற்றிப் பேசவே மாட்டார், அம்மாவோடு சீட்டு விளையாடுவார்.

நம் பக்கமும் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆதரவு சிகிச்சை உண்டு. சென்னை மாத்தூரில் ஜீவோதயா மாதிரிப் பணம் வாங்காத ஹாஸ்பிஸ்களும் இருக்கின்றன. ஆனால் "ஹாஸ்பிஸில் சேர்த்தாயா, கைகழுவிவிட்டாயா" என்று கேட்கிற சொந்தக்காரர்கள்தான் எங்கும் நிறைந்திருக்கிறார்கள். அவர்கள் ஒருநாள் ராத்திரி வந்து கூட இருந்துவிட்டுக் கேட்கட்டும்.

கொள்ளிடம்:

எனக்குச் சிக்கல் சொந்தக்காரர்களால் இல்லை, கூடப் பிறந்தவனால்.

அப்பாவுக்கு நுரையீரல். வீட்டில்தான் வைத்திருந்தேன். நினைவு தப்பி, தொண்டையில் கர்கர் என்று சத்தம் ஆரம்பித்துவிட்டது. கேட்டவர்களுக்குத் தெரியும், பக்கத்து அறை வரை வரும். அண்ணன் துபாயிலிருந்து வீடியோ காலில். மாத்திரை டப்பா மேல் போனைச் சாய்த்து வைத்திருந்தேன். "மூச்சுத் திணறுது, நீ பார்த்துக்கிட்டு நிக்கிற! 108-க்குப் போடு, ஐசியூவுல சேர்த்து வென்டிலேட்டர் வை" என்று அலறினான். வேண்டாம் என்று அப்பா நினைவோடு இருக்கும்போதே எங்கள் இருவரிடமும் சொல்லியிருந்தார். அண்ணனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

வீட்டுக்கு வந்திருந்த சிஸ்டர் போனைக் கையில் எடுத்தார். "சார், அது திணறல் இல்லை. எச்சிலை விழுங்குற சக்தி போயிடுச்சு, அதுல காத்து படுற சத்தம். அப்பாவுக்கு அது தெரியாது, பாக்குற நமக்குத்தான் கஷ்டம்." அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலையைக் கொஞ்சம் உயர்த்தினார், சுரப்பைக் குறைக்க ஒரு ஊசி போட்டார். சத்தம் தணிந்தது. "நான் பேசினா கேட்குமா?" என்றான் அண்ணன். "கேட்கும்னு நினைச்சுப் பேசுங்க." வெள்ளிக்கிழமை ஃபிளைட், டிக்கெட் போட்டாச்சு, இருப்பா என்றான். அப்பா புதன்கிழமை போய்விட்டார்.

வென்டிலேட்டர் வைத்திருந்தால் முகத்தைப் பார்த்திருப்பேன் என்று அண்ணன் இன்றும் சொல்கிறான். என்னோடு சரியாகப் பேசுவதில்லை. குழாயும் கட்டிய கையுமாக ஐசியூ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடப்பவரைத்தான் அவன் பார்த்திருப்பான். அப்பா கேட்டது நடந்தது. எத்தனை வருஷம் ஆனாலும் அவனிடம் இதையேதான் சொல்வேன்.

சிறுவாணி:

கொள்ளிடம், நீங்கள் செய்தது சரி. மற்றவர்களுக்கு ஒன்று: வாயால் சொன்னது போதாது, எழுதி வையுங்கள். உயிர்காக்கும் கருவிகள் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதை உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்றுக்கொண்டது. 2023-ல் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி சான்றளித்தால் போதும் என்றார்கள். இன்னொன்று. வீட்டில் இறந்தால், பார்த்துவந்த டாக்டரிடம் சான்று வாங்க வேண்டும், சுடுகாட்டிலும் பதிவுக்கும் கேட்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். 21 நாளுக்குள் இறப்பைப் பதிந்துவிடுங்கள்.

செஞ்சிக்கோட்டை:

எல்லோரும் முடிந்ததை எழுதுகிறீர்கள், நான் இப்போது நடுவில் இருக்கிறேன். அம்மாவுக்குக் கர்ப்பப்பைவாய். மதியத்திலிருந்து மாத்திரையை விழுங்க முடியவில்லை, கடைவாயில் அப்படியே நிற்கிறது. மார்ஃபினும் அதில் ஒன்று. தூக்கத்தில்தானே இருக்கிறாள், நிறுத்திவிடலாம் என்கிறார் மாமா. புரட்டிப் படுக்க வைத்தால் நெற்றியைச் சுருக்குகிறாள்.

சிறுவாணி:

நிறுத்தாதீர்கள். நெற்றியைச் சுருக்குவது வலி, வாயால் சொல்ல முடியாதவர்கள் முகத்தால் சொல்வார்கள். மாத்திரையைப் பிடித்துத் திணிக்கவும் வேண்டாம், கடைவாயில் இருப்பதை விரலில் துணி சுற்றி எடுத்துவிடுங்கள். விழுங்க முடியாதவர்களுக்கு மார்ஃபினைத் தோலுக்கு அடியில் போடலாம். கையிலோ நெஞ்சிலோ சின்ன பட்டர்ஃபிளை ஊசியைப் பொருத்தி ஒட்டிவிட்டுப் போவார்கள், ஒவ்வொரு முறையும் குத்த வேண்டியதில்லை. உங்கள் டீமுக்கு இப்போதே போன் செய்து, "விழுங்க முடியவில்லை, கடைசி மார்ஃபின் இத்தனை மணிக்கு" என்று சொல்லுங்கள். காலை வரை பொறுக்காதீர்கள்.

செஞ்சிக்கோட்டை:

போன் போட்டுவிட்டேன். காலை 10 மணிக்குக் கொடுத்ததுதான் கடைசி என்று சொன்னேன். ஊசி மருந்தோடு கிளம்புகிறார்களாம். மாமாவை வாசலில் டார்ச் லைட்டோடு நிற்கச் சொல்லியிருக்கிறேன், எங்கள் தெருவில் விளக்கு எரியாது.