கிறிஸ்துமசுக்குப் புதினா சாக்லேட் பிரௌனி சுட்டவர்கள் வாருங்கள்: உங்களுக்கு என்ன நடந்தது?

தங்கச்சிமடம் மருமகள்

போன கிறிஸ்துமசுக்கு நடந்தது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால் கேட்கிறேன். மூன்று அடுக்குப் புதினா பிரௌனி எல்லாருக்கும் தெரிந்ததுதானே: அடியில் பிரௌனி, நடுவில் பச்சை கிரீம், மேலே சாக்லேட். 24ஆம் தேதி சுட்டேன். பெப்பர்மின்ட் எசென்ஸ் ராமேஸ்வரம் தீவுக்குள் எங்கேயும் கிடைக்கவில்லை. ராமநாதபுரம் போய்வர நேரமும் இல்லை. சரி, புதினா என்றால் புதினாதானே என்று மார்க்கெட்டில் இரண்டு கட்டு வாங்கி, இலையை மட்டும் ஆய்ந்து அரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, அந்தச் சாற்றை நடு அடுக்குக்குச் சேர்த்தேன். நிறம் அவ்வளவு அழகாக வந்தது. நான் ருசி பார்க்கவில்லை. பூசைக்கு முன்னால் வாயில் எதுவும் போடுவதில்லை.

நள்ளிரவுப் பூசை முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். அச்சுமுறுக்குக்கும் அதிரசத்துக்கும் நடுவில் தட்டை வைத்தேன். மாமியார்தான் முதல் துண்டை எடுத்தார். மென்றார். நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் மென்று முழுங்கி, செம்பில் இருந்த தண்ணீர் முழுவதையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நல்லாருக்கு தாயி" என்றார். கொழுந்தன் மகனுக்கு ஆறு வயது. அவன்தான், "பெரியம்மா, இது துவையல் கேக்கா?" என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. அவன் அம்மா அவன் தொடையில் கிள்ளியதை நான் பார்த்தேன்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து அது இரண்டாவது கிறிஸ்துமஸ். அந்தத் தண்ணீர் இறங்கிய சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. இந்த வருசம் திரும்பச் செய்ய வேண்டும். நீங்கள் எந்தப் புதினா போட்டீர்கள்?

கீழக்கரை லாத்தா

நீங்கள் இலையைப் போட்டீர்கள், நான் அதைவிட மோசமானதைப் போட்டேன்.

அரையாண்டு லீவு, பிள்ளைகள் எல்லாம் வீட்டில். மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த நல்ல சாக்லேட் கட்டி இருந்தது. பெப்பர்மின்ட் எக்ஸ்ட்ராக்ட் குப்பியும் வந்திருந்தது. அதன் லேபிளைப் படித்தால் ஆல்கஹாலில் கரைத்தது என்று இருக்கிறது. உம்மா அதை அடுப்படிக்குள்ளேயே விடவில்லை. அப்புறம் யாரோ சொல்லி, நாட்டு மருந்துக் கடையில் புதினா உப்பு வாங்கினேன். தெரியும்தானே, ஊசி ஊசியாக, கண்ணாடித் துகள் மாதிரி இருக்குமே, அதுதான். மிளகுத்தூள் போடுகிற அளவு எடுத்து மாவிலேயே கலந்து அடித்துவிட்டேன்.

இருபது நிமிசம் ஆனதும் வாப்பா ஆசையாக, "நான் திறந்து பாக்குறேன்மா" என்று ஓவன் கதவைத் திறந்தார்கள். அந்த ஆவி நேராக முகத்தில் அடித்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. வாப்பாவுக்கு ஏற்கெனவே மூச்சிளைப்பு உண்டு. திண்ணையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் இருமினார்கள். "ஒண்ணுமில்லை, சளி நல்லா இளகிருச்சு" என்று என்னைத் தேற்றினார்கள். அந்தச் சிவந்த கண்ணோடு அவர்கள் என்னைத் தேற்றியது எனக்குத் தாங்கவில்லை. மொத்தத்தையும் குழி தோண்டிப் புதைத்தேன். அந்த நல்ல சாக்லேட்டும் போயிற்று.

பாம்பன் பேக்கரி மாஸ்டர்

இரண்டு பேரும் செய்தது தப்பு. ஏன் தப்பு என்று யாராவது சொல்ல வேண்டும், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பத்தொன்பது வருசமாக ஓவன் முன்னால் நிற்கிறவன்.

நம் மார்க்கெட்டில் விற்கும் புதினா பெரும்பாலும் ஸ்பியர்மின்ட் வகை. அதன் வாசத்துக்குக் காரணம் கார்வோன் என்ற பொருள். பெப்பர்மின்ட் வேறு செடி. ஸ்பியர்மின்டும் தண்ணீர்ப் புதினாவும் சேர்ந்து பிறந்த கலப்பு அது. அதில்தான் மெந்தால் நிறைய. வாயில் குளிர்ச்சி தருவது மெந்தால். நாக்கில் குளிரை உணரும் நரம்பு இருக்கிறதே, அதை மெந்தால் தட்டி எழுப்புகிறது. ஐஸ் இல்லாமலேயே சில்லென்று தெரிவது அதனால்தான். நம் இலையில் மெந்தால் இல்லாததற்குச் சமம். அதனால் குளிர்ச்சி வராது, பச்சை வாசம்தான் வரும். பிறந்ததிலிருந்து அந்த வாசத்தைப் பச்சைமிளகாயோடும் புளியோடும்தான் நம் நாக்கு பார்த்திருக்கிறது. அந்தப் பையன் துவையல் என்று சொன்னதில் அவன் தப்பு எதுவும் இல்லை.

லாத்தா போட்ட புதினா உப்பு அந்த மெந்தாலேதான், சுத்தமாக, கட்டியாக. மருந்துக்கென்று விற்பதைச் சாப்பாட்டில் போடவே கூடாது. சூடு பட்டால் அது ஆவியாகப் பறக்கும். வீட்டில் இளைப்புக்காரர்கள் இருக்கும்போது ரொம்ப ஆபத்து.

சரி, எதைப் போடுவது? உணவுக்கென்று விற்கும் பெப்பர்மின்ட் எண்ணெய். எட்டு அங்குலச் சதுரத் தட்டுக்கு இரண்டு சொட்டில் தொடங்குங்கள், நாலைத் தாண்ட வேண்டாம். எக்ஸ்ட்ராக்ட் என்றால் அரை டீஸ்பூன். இரண்டும் ஒரே பலம் என்று நினைத்து எண்ணெயை ஸ்பூனில் ஊற்றிவிடாதீர்கள். சுடுகிற மாவில் போடாதீர்கள், பாதி வாசம் ஓவனோடு போய்விடும். நடு கிரீமில் போடுங்கள். வெண்ணெய் 60 கிராம், ஐசிங் சர்க்கரை 200 கிராம், பால் ஒரு டேபிள்ஸ்பூன், போதும்.

அடி அடுக்குக்குச் சாக்லேட் 150 கிராம், வெண்ணெய் 150, சர்க்கரை 200, முட்டை மூன்று, மைதா 90, கோகோ 20. பேக்கிங் பவுடர் வேண்டாம், போட்டால் கேக் ஆகிவிடும். முட்டையையும் சர்க்கரையையும் வெளுக்கும்வரை அடித்தால்தான் மேலே அந்த மெல்லிய பொருக்கு வரும். 175 டிகிரி, 25 நிமிசத்தில் குச்சியை விட்டுப் பாருங்கள். குச்சியில் ஈரப் பொடி ஒட்ட வேண்டும். சுத்தமாக வந்தால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று. மார்கழி வாடைக்காற்றில் நம் ஊர்ச் சமையலறையில் எல்லாமே ஈரம். சாக்லேட் உருக்கும் பாத்திரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் அது மணல் மாதிரித் திரண்டுவிடும். தூக்கிப் போடாதீர்கள். சூடான பாலோ கிரீமோ கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறினால் மேல் அடுக்குக்கு ஆகும். காம்பவுண்ட் சாக்லேட்டை மட்டும் வாங்காதீர்கள். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு. கோகோ வெண்ணெய் நம் உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழே, 34 டிகிரி பக்கம் உருகும். நாக்கில் கரைவது அதனால்தான். காம்பவுண்ட் மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டும்.

என் கதையைக் கேட்டீர்களானால்: ஒரு வருசம் புதினா பிரௌனித் தட்டுகளை ராத்திரி பன் ரேக்கிலேயே மூடாமல் வைத்துவிட்டேன். விடிகாலையில் கடலுக்குப் போகிற பெரியவர் ஒருவர், பத்து வருச வாடிக்கை, வாங்கிய பன்னைப் பிட்டுவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். "தம்பி, பன்னுல தைலம் வாசம் வருது. வீட்டுல யாருக்கும் உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அவர் காசைத் திரும்பக் கேட்கவில்லை. என் வீட்டைப் பற்றிக் கேட்டார்.

உச்சிப்புளி ஓவன்காரி

மாஸ்டர் அண்ணே, நீங்கள் சொன்னது எல்லாம் சரி, காம்பவுண்ட் விசயத்தில் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் வீட்டிலிருந்து ஆர்டர் எடுக்கிறேன். நல்ல சாக்லேட் என்ன விலை விற்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அரைக் கிலோ பிரௌனிக்கு நான் அந்த விலை சொன்னால் மண்டபம் முகாம் பக்கம் ஒருத்தரும் வாங்க மாட்டார்கள். அடி அடுக்கில் கோகோவைக் கூட்டி, மேலே மட்டும் காம்பவுண்ட் ஊற்றுகிறேன். பஸ்ஸில் கொடுத்து அனுப்பும்போது அது உருகாமல் போய்ச் சேருகிறது. அண்ணத்தில் ஒட்டுவது உண்மைதான். ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் சேர்த்தால் குறைகிறது.

எனக்கு மறக்காதது வேறு. பாம்பனில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றிய நாள். நாலு தட்டு ஆர்டர், மறுநாள் கிறிஸ்துமஸ் ஈவ். முதல் தட்டு உள்ளே போய்ப் பன்னிரண்டாவது நிமிசம் கரண்ட் போயிற்று. கதவைத் திறக்கக் கூடாது என்று தெரியும். ஓவன் கண்ணாடி வழியே டார்ச் அடித்துப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தேன். நடுப்பகுதி குளம் மாதிரி ஆடியது. காற்றில் ஓட்டுக் கூரை தடதடக்கிறது, நான் தட்டின் ஆட்டத்தையே பார்க்கிறேன். வீட்டுக்காரர் போட்டை இழுத்துக் கட்டப் போயிருந்தார். அவர் வந்துவிட்டாரா என்று ஒரு தடவைகூட நான் நினைக்கவில்லை. அது பிறகுதான் உறைத்தது. அவர் நனைந்துபோய் வந்து நின்று, "கேக்கு என்னாச்சு?" என்றார்.

கரண்ட் ராத்திரி இரண்டு மணிக்கு வந்தது. அந்தத் தட்டை யாருக்கும் கொடுக்கவில்லை. பாதி வெந்த முட்டையைக் குழந்தைகளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

கீழக்கரை லாத்தா

மாஸ்டர் காக்கா, எண்ணெய் விசயம் சொன்னதற்கு நன்றி. ஆனால் எக்ஸ்ட்ராக்டையும் அதே மூச்சில் சொல்லிவிட்டீர்கள். எங்களுக்கு அது ஆகாது. "சுட்டால் ஆல்கஹால் பறந்துவிடும்" என்று இதற்கு முன் எனக்கு நாலு பேர் சொல்லியிருக்கிறார்கள். ஓவனில் வைத்தாலும் முழுக்கப் போகாது. நீங்கள் சொல்வது சுடாத நடு அடுக்கு, அதில் போட்டது அப்படியே இருக்கும். எண்ணெயிலேயே கரைத்த வகை இருக்கிறது, லேபிளைப் பார்த்து வாங்குங்கள் என்று எழுதியிருந்தால் எங்கள் தெருவில் பத்துப் பேருக்கு உதவியாக இருந்திருக்கும்.

பதம் பற்றியும் ஒரு வார்த்தை. குச்சியில் ஒட்டுகிற ஈரப் பொடி என்றால் எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் புரியாது. எங்கள் ஊர்த் தொதல் இனிப்பை இறக்குவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் அகப்பையில் எப்படி ஒட்டி நிற்குமோ, அதைவிடச் சற்று உதிரி. தொதல் கிண்டின கைக்கு பிரௌனி கஷ்டமே இல்லை.

தொண்டி சின்னவன்

ஓவன் இல்லாதவர்களுக்கு: குக்கரில் மணல் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, உள்ளே ஸ்டாண்டு வைத்துச் சுடலாம். ஆனால் கடற்கரை மணலை அப்படியே அள்ளிப் போடாதீர்கள். நான் போட்டேன். உள்ளே சின்னச் சின்னச் சிப்பி எல்லாம் பட் பட்டென்று வெடித்தது. அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டாள். தூள் உப்பு பரப்புவது நல்லது.

ராமேஸ்வரம் பேத்தி

நான் சுட்ட பிரௌனி நன்றாகத்தான் வந்தது. ஆனாலும் எழுத வந்தேன்.

எண்ணெய் வாங்கவில்லை. பெட்டிக்கடையில் சூடமிட்டாய், அதுதான் அந்த வெள்ளைப் பெப்பர்மின்ட் மிட்டாய், வாங்கி, பொடித்து, பிரௌனி சூடாக இருக்கும்போதே மேலே தூவினேன். பாதி கரைந்து, பாதி வெள்ளையாக நின்றது. டிசம்பர் 22. அந்தத் தேதியைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

அம்மாச்சிக்கு ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். மேலே இருந்த வெள்ளையை மட்டும் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "இது ஸ்டேசன் கடை மிட்டாய்" என்றார். தனுஷ்கோடி ஸ்டேசன். போட் மெயில் ரயில் வந்து நிற்கும்போது அவருடைய அய்யா அங்கே மூட்டை இறக்கப் போவாராம், திரும்பும்போது காகிதத்தில் நாலு சூடமிட்டாய் மடித்துக் கொண்டுவருவாராம். தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் 22 புயல் அன்றைக்கு அம்மாச்சியைப் பாம்பனில் சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள். அவருக்கு ஒன்பது வயது. அய்யா அங்கேயே இருந்தார்.

இத்தனை வருசத்தில் அவர் ரயிலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், தண்ணீரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மிட்டாயைப் பற்றிச் சொன்னதே இல்லை. சாக்லேட்டைத் தொடவில்லை. மேலிருந்த வெள்ளையை எல்லாம் சுரண்டித் தின்றுவிட்டுத் தட்டைத் திருப்பிக் கொடுத்தார். நான் மறுபடியும் வைக்கவா என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. இந்த வருசம் அதைச் சுடலாமா, வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

பாம்பன் பேக்கரி மாஸ்டர்

தாயி, சுடு. ஆனால் அந்த மிட்டாயைத் தனியாக ஒரு கிண்ணத்தில் வை. அவர் எடுத்தால் எடுக்கட்டும்.

லாத்தா, நீங்கள் சொன்னது சரி, எண்ணெயில் கரைத்தது என்று எழுதியிருக்க வேண்டும். உச்சிப்புளித் தங்கச்சி, தேங்காய் எண்ணெய் நான் செய்து பார்க்கிறேன், ஆனாலும் அது சாக்லேட் ஆகாது.

தங்கச்சிமடம் மருமகள்

எல்லாவற்றையும் படித்தேன். எண்ணெய்க்குச் சொல்லியாயிற்று, ராமநாதபுரத்திலிருந்து வருகிறது. இரண்டு சொட்டு, அதற்கு மேல் இல்லை.

நேற்று ராத்திரி மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது தைரியம் வந்து மாமியாரிடம் கேட்டேவிட்டேன். "அத்தை, போன வருசம் அந்தப் பச்சைக் கேக் உங்களுக்குப் பிடிக்கலைதானே?"

அவர் கத்தியை நிறுத்தவில்லை. "சே, ருசிக்கு என்ன குறைச்சல்? புதினா நாரு ஒண்ணு தொண்டையில சிக்கிருச்சு தாயி, அதான் தண்ணி குடிச்சேன்" என்றார்.

துணியில் இரண்டு தடவை வடிகட்டியதை நான் அவரிடம் சொல்லவில்லை.