டேக்டவுன் ரைஃபிளுக்கு கண்ணை உறுத்தாத கேஸ் எது? அவசரம்

கடலூர்_காத்து:
வணக்கம். புது டேக்டவுன் ரைஃபிள், அதாவது ரெண்டு பாதியா கழட்டுற டைப். கூட வந்த பையில கம்பெனி பேரும் சின்னமும் இருக்கு, பார்த்ததுமே என்னன்னு தெரிஞ்சிடுது. வீட்டுல இருந்து காருக்கு எடுத்துட்டுப் போறப்ப யாரும் திரும்பிப் பார்க்காத மாதிரி, திருடனுக்கு ஆசை காட்டாத மாதிரி ஒரு கேஸ் சொல்லுங்க. 150 டாலருக்குள்ள. ஸ்கோப் (குறிபார்க்கிற தொலைநோக்கி) மாட்டியிருக்கு. சனிக்கிழமைக்குள்ள வேணும்.

ரேஞ்ச்_ராசா:
எந்த ரைஃபிள் பாஸ்? ருகர் 10/22 டேக்டவுனா, ஹென்றி ஏஆர்-7ஆ, ப்ரௌனிங் எஸ்ஏ-22ஆ? ஏஆர்-7ன்னா கேஸ் பிரச்சினையே கிடையாது. பேரல் (குழல்), ரிசீவர் (நடுப்பகுதி), மேகசின் (தோட்டா வைக்கிற டப்பா) எல்லாம் ஸ்டாக்குக்குள்ளயே (தோள்ல வைக்கிற பின்கட்டை) அடங்கிடும், மொத்தமே 16.5 இன்ச். ஆனா ஸ்கோப்போட அது உள்ளே போகாது, அதனால உங்களது வேற ஏதோ.

தென்றல்76:
எந்த ஸ்டேட்? கார் மட்டுமா, ஃப்ளைட்டும் உண்டா? பேரல் எத்தனை இன்ச்? இதெல்லாம் தெரியாம கேஸ் சொல்ல முடியாதுங்க.

பழைய_தோட்டா:
இதே கேள்வி இங்கே மாதம் தவறாமல் வருகிறது. தேடிப் படிக்கத்தான் யாருக்கும் நேரமில்லை. "டேக்டவுனுக்கு கேஸ்" என்று மட்டும் கேட்பது, துணிக்கடையில் அளவு சொல்லாமல் "ஒரு சட்டை கொடுங்க" என்று நிற்பது போல.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு மூன்று அளவு எடுக்க வேண்டும். ஒன்று, இரண்டு பாதிகளில் நீளமானது. இரண்டு, பின்பாதியில் ஸ்கோப்பின் உச்சியிலிருந்து ஸ்டாக்கின் அடிவிளிம்பு வரை உயரம். மூன்று, தடிமன். இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளும் பாகம்) கைப்பிடி வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், ஸ்கோப்பின் பக்கவாட்டு டரட்டும் (குறியைத் திருத்தும் குமிழ்) அதே பக்கம். தட்டையான மெல்லிய பையில் இந்த இரண்டும்தான் துணியைப் புடைக்க வைக்கும். 10/22 என்றால் நீளமான பாதி சுமார் 20 இன்ச். இரு முனையிலும் ஒரு இன்ச் மெத்தை வேண்டும், ஆகவே உள்ளளவு 22 இன்ச். கடையில் எழுதியிருப்பது பெரும்பாலும் வெளியளவு, ஏமாறாதீர்கள்.

ஸ்டாக்_மாத்து:
கேஸை விடுங்க, ஸ்டாக்கை மாத்துங்க! 10/22 டேக்டவுனுக்கு மேக்புல் எக்ஸ்-22 பேக்பேக்கர் ஸ்டாக் போட்டா, கழட்டின பேரல் ஸ்டாக்கோட அடியிலேயே மாட்டிக்கும். ரெண்டு துண்டு ஒரே துண்டாயிடும், எந்த லேப்டாப் பையும் போதும். மேகசின் வைக்கவும் அதுலயே இடம் இருக்கு.

ரேஞ்ச்_ராசா:
அவர் கேட்டது 150க்குள்ள. ஸ்டாக் வாங்கினா பைக்கு எங்கே போறது? தவிர அப்படி மாட்டினா கட்டு தடிமனாகுது. மெல்லிசான லேப்டாப் பைல ஜிப் மூடாது.

கடலூர்_காத்து:
மன்னிக்கணும். ருகர் 10/22, 18.5 இன்ச் பேரல். நியூ ஜெர்சி. காருல பென்சில்வேனியா ரேஞ்சுக்கு. டிசம்பர்ல டெக்சாஸுக்கு ஃப்ளைட்.

மெட்ரோ_மாமா:
கிட்டார் கேஸ் இல்லன்னா டென்னிஸ் பை. எவனுக்கும் சந்தேகம் வராது.

தென்றல்76:
வேண்டாங்க. மத்தவங்க கண்ணை உறுத்தாம இருக்கிறது வேற, மறைச்சு ஏமாத்துற மாதிரி தெரியறது வேற. வழியில போலீஸ் நிறுத்தினா வாத்தியப் பெட்டிக்குள்ள ரைஃபிள்னு விளக்கம் சொல்லிட்டு நிக்கணும். கிட்டார் பெட்டிய திருடவும் ஆள் உண்டு. உள்ளே பிரிவு இல்லாததால பேரல் போய் ஸ்கோப்புல இடிக்கும்.

கார் பயணத்துக்கு: சாம்பல் அல்லது கரு நீலத்துல சாதா பேக்பேக். வெளிப்பக்கம் வரிசையா நாடா தைச்சது, ராணுவக் கலர், ஒட்டுப்பட்டை எதுவும் வேண்டாம். உள்ளே ரெண்டு தனி உறை இருக்கணும். ஜிப்புக்கு ரெண்டு இழுப்பான் இருந்தா சேர்த்து பூட்டு போடலாம். பேரல் முனை நாளாக நாளாக பையோட அடித்துணிய ஓட்டை போட்டுடும். கைத்தடிக்குப் போடுற ரப்பர் புஷ் ஒண்ணு வாங்கி உறைக்கு அடியில போட்டுடுங்க, ஒண்ணு ரெண்டு டாலர்தான்.

நியூ ஜெர்சி சட்டப்படி லோடு இல்லாம, மூடிக் கட்டின கேஸ்ல, இல்லன்னா டிரங்குல பூட்டி வெச்சு போகணும். ரேஞ்சுக்குப் போற வழியில அவசியமில்லாம வேற எங்கேயும் ஒதுங்கக் கூடாது. கடை, நண்பர் வீடு எல்லாம் திரும்பி வந்து ரைஃபிளை வீட்டுல வெச்ச அப்புறம். பென்சில்வேனியாவுலயும் வண்டிக்குள்ள லோடு பண்ணின ரைஃபிள் கூடாது. பைல 25 ரவுண்ட் பிஎக்ஸ்-25 மேகசின் இருந்தா அது தனிப் பிரச்சினை, நியூ ஜெர்சில உச்ச வரம்பு 10.

பழைய_தோட்டா:
விமானத்துக்கு அந்தத் துணிப்பை உதவாது. கடினமான, பூட்டிய பெட்டி கட்டாயம். செக்-இன் லக்கேஜில் மட்டும், கவுண்டரில் சொல்லிவிட்டுத்தான். போல்ட், மேகசின் எதையும் கையோடு கொண்டுபோகும் பையில் வைக்கக் கூடாது. ஸ்கோப்பை மட்டும் கழற்றிக் கையில் எடுத்துச் செல்லலாம். தோட்டா அதற்குரிய அட்டை அல்லது பிளாஸ்டிக் டப்பாவில், பெரும்பாலான விமானங்களில் 5 கிலோ வரை.

பெட்டியில் பூட்டுத் துளை இரண்டு இருந்தால் இரண்டிலும் பூட்டு. ஒன்றை விட்டால் அந்த மூலையை விரலால் நெம்பி இடைவெளி உண்டாக்க முடியும், கவுண்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உள்ளளவு 20.4 இன்ச் உள்ள, பெலிக்கன் நிறுவனத்தின் சின்னப் பெட்டியிலும் 10/22 அடங்கும், மூலைவிட்டமாக வைத்தால் மெத்தைக்கும் இடம் கிடைக்கும். வெளியே "துப்பாக்கி" என்று சீட்டு ஒட்டச் சொல்ல விமான நிறுவனத்துக்கு உரிமை இல்லை, கூட்டாட்சிச் சட்டமே தடுக்கிறது. அறிவிப்புச் சீட்டை வெளியே ஒட்ட வந்தால் பணிவாக மறுக்கலாம்.

மெட்ரோ_மாமா:
டிஎஸ்ஏ (அமெரிக்க விமானப் பயணப் பாதுகாப்புத் துறை) பூட்டு போடுங்க. இல்லன்னா வெட்டிடுவாங்க.

ரேஞ்ச்_ராசா:
தப்பு. சாவியோ நம்பரோ பயணிகிட்ட மட்டும்தான் இருக்கணும்னு விதி. டிஎஸ்ஏ பூட்டுக்கு மாஸ்டர் சாவி ஊரெல்லாம் இருக்கு.

மெட்ரோ_மாமா:
டிஎஸ்ஏ தளத்துலயே எந்தப் பூட்டும் போடலாம், டிஎஸ்ஏ பூட்டும் சேர்த்துன்னு போட்டிருக்கு. படிச்சுட்டு பேசுங்க.

ரேஞ்ச்_ராசா:
போடலாம்னா போட்டே ஆகணும்னு அர்த்தமா? உங்க துப்பாக்கிப் பெட்டிய யார் வேணா திறக்கலாம்னா பூட்டே எதுக்கு, கயிறு கட்டுங்க.

தென்றல்76:
ரெண்டு பேரும் நிறுத்துங்க. சின்னப் பெட்டிய சூட்கேஸுக்குள்ள வைக்கிறதா இருந்தா, உள்பெட்டிக்கு சொந்தப் பூட்டு, வெளி சூட்கேஸுக்கு டிஎஸ்ஏ பூட்டு. அப்படி வைக்க உங்க விமான நிறுவனம் விடுதான்னு மட்டும் முன்னாடியே கேட்டுக்கோங்க. செக்-இன் முடிஞ்சதும் கொஞ்ச நேரம் பக்கத்துலயே இருங்க, திறக்கணும்னா உங்களைத்தான் கூப்பிடணும்.

ஸ்டாக்_மாத்து:
பேக்பேக்கர் ஸ்டாக் போட்டா இந்த மூலைவிட்டக் கணக்கே தேவையில்ல...

பழைய_தோட்டா:
விட மாட்டீர்கள். கேட்டவருக்குக் கடைசியாக ஒன்று. பிய்த்தெடுக்கும் ஃபோம் வேண்டாம், தூள் கொட்டும். பேரலின் பின்முனையும் பூட்டுப்பல்லும் ரிசீவரோடு சேரும் இடத்தில் ஒரு துணுக்கு ஃபோம் சிக்கினாலும் பொருத்தம் மாறி, ஸ்கோப்பின் ஜீரோ, அதாவது சரிசெய்து வைத்த குறி, நகர்ந்துவிடும். பிறகு ஸ்கோப்பைக் குறை சொல்வார்கள். மூடிய துளை கொண்ட பாலிஎதிலீன் ஃபோம் வாங்கி, காகிதத்தில் வடிவம் வரைந்து, கோட்டுக்கு 3 மி.மீ. உள்ளே வெட்டுங்கள். இரண்டு குழிகளுக்கு நடுவே ஒரு இன்ச் சுவர் விடுங்கள், இல்லையேல் கிழியும். பேரலின் பின்முனைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. கழற்றும்போது போல்ட்டைப் பின்னால் பூட்டி, தோட்டா அறை காலி என்று கண்ணால் பார்த்த பிறகே பேரலைத் திருப்ப வேண்டும். மாட்டியதும் ஆட்டம் இருந்தால் ரிசீவருக்கு முன்னால் உள்ள வளையத்தைக் கையால் இறுக்குங்கள், கருவி கூடாது. வீட்டில் மாதக்கணக்கில் ஃபோமிலேயே வைக்காதீர்கள், ஈரம் பிடித்துத் துரு வரும்.

கடலூர்_காத்து:
சாம்பல் பேக்பேக் கிடைச்சது, உள்ளளவு 22. போல்ட் கைப்பிடி மேல் பக்கம் வர்ற மாதிரி வெச்சா புடைக்கல. ரப்பர் புஷ் போட்டாச்சு. ஃப்ளைட் பெட்டி அப்புறம். நன்றி.

மெட்ரோ_மாமா:
எந்தப் பை? லிங்க் போடுங்க.

ரேஞ்ச்_ராசா:
ஆமா, எந்தப் பைன்னு சொல்லுங்க. எத்தனை டாலர்?