பெர்த் – லண்டன்: தூரம் சரி, நேரம் உதைக்கிறது

ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு இடைநில்லா விமானப் பயண நேரத்தை எக்செலில் கணக்கிடுகிறேன். பூமியின் ஆரம் 6,371 கி.மீ. என்று கொண்டு ஹாவர்சைன் சூத்திரம் (உருண்டைப் பரப்பில் இரு இடங்களுக்கு இடையிலான தூரம் காண்பது) போட்டால் தூரம் சுமார் 14,500 கி.மீ. வருகிறது. அதில் குழப்பமில்லை.

மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் இரு திசைக்கும் ஒரே விடை: 16 மணி 7 நிமிடம். அட்டவணையிலோ லண்டன் போக 17 மணி நேரத்துக்கும் மேல். திரும்பி வரக் குறைவு. ஓடுபாதை, மேலேறுதல், இறங்குதலுக்கு அரை மணி சேர்த்தேன். நேரங்களை உலகப் பொது நேரமான யுடிசிக்கு மாற்றினேன், லண்டனின் கோடைக்கால நேரம் உட்பட (பெர்த்தில் அந்தத் தொல்லை இல்லை). இரு திசை வித்தியாசம் மட்டும் அசையவில்லை. விமான உயரத்தில் மேற்கிலிருந்து வேகமாக வீசும் ஜெட் காற்றே காரணம் என்று தெரிகிறது. அதை எண்ணாக்கத்தான் வழி தெரியவில்லை.

35,000 அடி உயரத்தின் மாதச் சராசரிக் காற்று வேகம் இலவசமாக எங்கே கிடைக்கும்?